மேற்பார்வையாளரின் மனநிறைவு

நெய்வேலி சுரங்கத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஷிப்டு முடியும்போது எத்தனை டன் பழுப்பு நிலக்கரி வெட்டப்பட்டது, எத்தனை கன மீட்டர் மேல்மண் அகற்றப்பட்டது என்ற கணக்கு கையில் இருக்கும். இன்றைய உழைப்பு பயன் தந்ததா என்ற ஐயத்துடன் நான் வீடு திரும்பியதில்லை.

என் மனைவியின் பணி வேறு வகை. மாற்றுத்திறன் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் சிறப்பாசிரியர்களை மேற்பார்வையிடும் பொறுப்பில் இருந்து சென்ற ஆண்டு ஓய்வு பெற்றார். எட்டு மாதப் பயிற்சிக்குப் பின் ஒரு சிறுவன் தானாகக் கரண்டியைப் பிடித்துச் சாப்பிட்டான் என்பதுதான் அவர் வீட்டுக்குக் கொண்டுவரும் கணக்கு. அத்தகைய நாள்களில் அவர் முகத்தில் கண்ட நிறைவை என் உற்பத்திக் கணக்கு எனக்குத் தந்ததில்லை. ஆனால், ஆண்டுகள் செல்லச் செல்ல அந்நாள்கள் குறைந்துவிட்டன. குழந்தைகள் முன்னேறாமல் இல்லை. அதைப் பார்க்க அவருக்கு நேரம் இல்லை.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டது. வரவேற்கத்தக்க சட்டம், பணியும் அதற்கேற்பப் பெருகியது. மருத்துவ முகாம், அடையாள அட்டை, உதவி உபகரணம், பள்ளிக்கு வர இயலாத குழந்தைக்கு வீட்டிலேயே பயிற்சி, இவை அனைத்துக்கும் இணையப் பதிவேற்றம் என மேற்பார்வையாளரின் நாள் கரைகிறது. குழந்தையைப் பார்ப்பதற்காக வந்தவர், குழந்தையைப் பற்றிய படிவத்தைப் பார்ப்பவராகிவிடுகிறார்.

அமெரிக்க உளவியலாளர் பிரெடரிக் ஹெர்ஸ்பெர்க், பிட்ஸ்பர்க் பகுதியின் பொறியாளர்கள், கணக்காளர்கள் சுமார் 200 பேரிடம் ஆய்வு நடத்தி 1959-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். குறைவான ஊதியமும் மோசமான நிர்வாகமும் அதிருப்தியைத் தரும். அவற்றைச் சரிசெய்தால் அதிருப்தி நீங்குமே தவிர மனநிறைவு வந்துவிடாது. செய்த வேலையின் பலனைக் காண்பதும், அதற்கான அங்கீகாரமும், பொறுப்புமே மனநிறைவைத் தருகின்றன என்றார் அவர். இக்கருத்தைப் பின்னாளில் பலர் மறுத்திருக்கின்றனர். எங்கள் வீட்டளவில் அது பெரிதும் உண்மை.

அதற்காக ஊதியம் முக்கியமல்ல என்று சொல்லிவிட முடியாது. மத்திய, மாநில அரசுகளுக்கு இடையிலான கருத்து வேறுபாட்டால் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 2024-25-ஆம் ஆண்டுக்குரிய ரூ.2,152 கோடி தமிழகத்துக்கு வராமல் நின்றபோது, ஒப்பந்த ஊதியத்தில் இருந்த ஆசிரியைகள் 'அடுத்த மாதச் சம்பளம் வருமா?' என்று என் மனைவியைத்தான் கேட்டனர். பதில் சொல்லும் அதிகாரம் அவருக்கு இல்லை. பதில் சொல்லும் கடமை மட்டும் இருந்தது.

இதையே முதன்மையான காரணமாக நான் கருதுகிறேன். சுரங்கத்தில் ஒருவர் விடுப்பில் சென்றால் மாற்று ஆளைக் கேட்டுப் பெறும் உரிமை எனக்கு இருந்தது. சிறப்பாசிரியை ஒருவர் வேறு வேலைக்குச் சென்றுவிட்டால் அவ்விடம் மாதக்கணக்கில் காலியாகக் கிடக்கிறது. பழகிய குரலைத் தேடும் ஆட்டிசக் குழந்தை, கற்ற சொற்களையும் இழந்துவிடக்கூடும். மந்தாரக்குப்பத்துத் தாய் ஒருவர், 'புது டீச்சர் எப்ப வருவாங்க?' என்று கேட்டபோது, தலைகுனிந்து திரும்பியதாக மனைவி சொன்னார். அன்றிரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

தொடக்கப் பள்ளியில் 10 சிறப்புக் குழந்தைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தை மத்திய அரசு 2022-இல் அறிவித்தது. உரிய பணியிடங்களை உருவாக்குமாறு 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கு உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. பணியிடங்கள் நிரம்பும்போது, காலியிடத்துக்குத் தற்காலிக ஆசிரியரை உடனே அமர்த்தும் அதிகாரத்தையும், வாரத்தில் இரண்டு நாள்களாவது பதிவேடுகளின்றிக் குழந்தைகளுடன் இருக்கும் வாய்ப்பையும் மேற்பார்வையாளருக்கு அளிக்க வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு ஆகாது.

மந்தாரக்குப்பத்துத் தாய் இப்போதும் தொலைபேசியில் அழைக்கிறார். ஓய்வு பெற்றுவிட்டதை மனைவி இன்னும் அவரிடம் சொல்லவில்லை.