ஊரறிந்த கல்யாணத்துக்கு எதுக்குப்பா சாட்சி?

அடுத்த மாசம் என் பெரியம்மா பொண்ணுக்கு மும்பையில ஒரு நேர்காணல். வேலைக்கு இல்லை, புருஷனோட சேர்ந்து வாழுறதுக்கு. மாப்பிள்ளை அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர். அக்கா பழவேற்காடு ஏரிக்கரை மீனவ கிராமத்துப் பொண்ணு. ஆறு மாசமா ஃபைலைத் தூக்கிட்டு அவங்களோட அலைஞ்சவன் நான்தான். அதுல கத்துக்கிட்டதை இங்க எழுதுறேன்.

பெரியப்பா முதல்ல கேட்ட கேள்வி: "ஊரே வந்து சாப்பிட்டுச்சே, இன்னும் என்ன சாட்சி?" அவர் கேட்டதுல தப்பே இல்லை. நம்ம மீனவ ஊர்கள்ல கல்யாணம் ஆன ஆண் ஒரு 'தலைக்கட்டு'. ஊர் வரி அந்தக் கணக்குலதான். ஏரியில முறை வச்சு வலை போடுற 'பாடு' உரிமையும் ஊர் உறுப்பினர் கணக்கை ஒட்டித்தான் வரும். ஒருத்தருக்குக் கல்யாணம் ஆச்சான்னு ஊர்ல யாரும் காகிதம் கேட்க மாட்டாங்க. ஆனா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு நம்ம ஊரையும் தெரியாது, பெரியப்பாவையும் தெரியாது. ஊருக்குத் தெரிஞ்ச உண்மையைக் காகிதத்துல காட்டுறதுதான் இந்த வேலை மொத்தமும்.

வரிசை எப்படி?

முதலில் கணவர் அமெரிக்காவில் ஐ-130 மனு போடணும். அது ஏற்கப்பட்டதும் கோப்பு தேசிய விசா மையத்துக்குப் போகும். அப்புறம் மனைவி டிஎஸ்-260 படிவத்தை நிரப்பி, ஆவணங்களை ஆன்லைனில் ஏற்றணும். அடுத்து மருத்துவப் பரிசோதனை, கடைசியில் நேர்காணல். இந்தியாவுக்கான குடியேற்ற விசா நேர்காணல் மும்பைத் துணைத் தூதரகத்தில்தான். கணவர் கூட வரணும்னு கட்டாயம் இல்லை. அதனால அக்கா தனியாத்தான் கவுன்டர் முன்னாடி நிற்கப் போறாங்க.

என்னென்ன வேணும்?

1. திருமணப் பதிவுச் சான்றிதழ்: கோவில் ரசீதும் பத்திரிகையும் மட்டும் போதாது. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணத்தையும் 90 நாளுக்குள் பதியணும். தவறினால் கூடுதல் கட்டணத்தோட இன்னும் 60 நாள் உண்டு. சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகும்போது கல்யாணப் பத்திரிகை, வயது, முகவரிச் சான்று, சாட்சிகள் எல்லாம் கையோட இருக்கட்டும்.

2. பிறப்புச் சான்றிதழ்: அக்கா வீட்டுல பிறந்தவங்க, பதிவே பண்ணலை. நிறையப் பேருக்கு இதே நிலைமைதான். பதிவு இல்லைன்னா, 'பதிவு இல்லை' என்ற சான்றைப் பதிவு அலுவலகத்தில் வாங்கி, கூடவே பெற்றோரின் பிரமாணப் பத்திரமும் பள்ளிச் சான்றும் வைக்கணும்.

3. போலீஸ் சான்று: பாஸ்போர்ட் சேவை மையம் வழியா விண்ணப்பிக்கணும்.

4. கணவரின் ஐ-864: மனைவியைப் பராமரிக்க வருமானம் இருக்குன்னு அவர் கொடுக்கும் உறுதி. பொதுவா அங்குள்ள வறுமைக் கோட்டு அளவில் 125% வருமானம் காட்டணும். கூட வரி ஆவணங்களும் வேணும்.

5. உறவு உண்மைன்னு காட்டும் சான்றுகள்: கல்யாணப் படங்கள், அவர் வந்து போன விமான டிக்கெட், பணம் அனுப்பிய ரசீது, பேசிய பதிவுகள். ஐநூறு செல்ஃபி அள்ளிட்டுப் போக வேணாம். நிச்சயத்துல ஆரம்பிச்சு போன மாசம் வரைக்கும், தேதி வாரியா முப்பது நாற்பது இருந்தாலே கதை புரியும். படத்துல ரெண்டு குடும்பமும் இருக்கணும்.

தமிழில் மட்டும் இருக்கும் ரசீதுகளுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பை இணைச்சுடுங்க. மொழிபெயர்த்தவர், தனக்கு இரு மொழியும் தெரியும், மொழிபெயர்ப்பு சரியானது என்று எழுதிக் கையெழுத்துப் போடணும்.

நாங்க மாட்டிக்கிட்ட இடம்

பெரியப்பா பேர்! எடுத்துக்காட்டா, பத்தாம் வகுப்புச் சான்றில் 'கோவிந்தன்', பாஸ்போர்ட்டில் 'கோவிந்தசாமி' என்று இருந்தா எப்படி இருக்கும்? அப்படித்தான். பழைய பேப்பரைத் தேடலாம்னா, 2004 சுனாமியில வீட்டுப் பெட்டியே போயிடுச்சு.

ஒரு புரோக்கர் வந்தார். "எல்லாத்தையும் ஒரே பேர்ல புதுசா அடிச்சுக் குடுத்துடுறேன், பழைய தேதி போட்டு" என்றார். பெரியம்மாவுக்குப் பாதி மனசு வந்துடுச்சு. அக்காதான், "என் கல்யாணம் நிஜம்மா. அதுக்கு எதுக்குப் பொய்ப் பேப்பர்?" என்று மறுத்துட்டாங்க. அவங்க சொன்னதுதான் சட்டப்படியும் சரி. பொய் ஆவணம் கொடுத்தது தெரிஞ்சா நிரந்தரமாவே விசா மறுக்கப்படலாம். உண்மையான கல்யாணமும் அதோட சேர்ந்து மாட்டும். கடைசியில் இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான்னு நோட்டரி முன் பிரமாணப் பத்திரம் எழுதி, ரேஷன் கார்டு நகலோட வச்சோம். வித்தியாசம் இருக்கிறது குற்றமில்லை, அதை மறைச்சாத்தான் சிக்கல்.

நேர்காணல் அன்னிக்கு

எப்படிச் சந்திச்சீங்க, அவர் என்ன வேலை பார்க்குறார், கல்யாணத்துக்கு யார் வந்தாங்க என்ற மாதிரிதான் கேள்விகள் வரும். மனப்பாடம் வேண்டாம். தெரியலைன்னா தெரியலைன்னே சொல்லலாம். படிவத்துல எழுதினதை மட்டும் முதல் நாள் ஒரு தடவை படிச்சுக்கோங்க.

விசா கிடைச்சதும் ஃபைலைத் தூக்கிப் போட்டுடாதீங்க. அங்கே போய் இறங்கும்போது கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகலைன்னா, கிடைப்பது இரண்டு வருஷ நிபந்தனை அட்டைதான். அது முடியும் முன் கடைசி 90 நாளில் இருவரும் சேர்ந்து ஐ-751 போடணும். அப்போ கூட்டு வங்கிக் கணக்கு, வீட்டு வாடகை ஒப்பந்தம் எல்லாம் காட்ட வேண்டிவரும்.

உங்களுக்குக் கல்யாணம் இப்போ இல்லைன்னாலும் ஒரு வேலை இருக்கு. இன்னிக்கு ராத்திரி பிறப்புச் சான்றையும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டையும் பக்கத்துல வச்சு, அப்பா பேரைப் படிச்சுப் பாருங்க. ஒரே மாதிரி இருக்கா?