மாஹுவாங்: சீன மரபு மருத்துவத்தில் ஒரு சுவாச மருந்தும் அதன் விலக்குகளும்

சீன மரபு மருத்துவத்தில் மூச்சிரைப்புக்கும் இருமலுக்கும் வழங்கப்படும் மூலிகைகளுள் மாஹுவாங் மிகத் தொன்மையானது. எபெட்ரா எனும் வறள்நிலப் புதர்ச்செடியின் உலர்ந்த தண்டே இது. அதே செடியின் வேர், வியர்வையை அடக்கும் தனி மருந்தாகக் கொள்ளப்படுவது வியப்புக்குரியது. தண்டோ வியர்வையைத் தூண்டுவது.

ஹான் அரசமரபின் இறுதிக்காலத்தைச் சார்ந்த சாங் சோங்ஜிங்கின் 'ஷாங்ஹான் லுன்' மாஹுவாங் குடிநீரின் செய்முறையைத் துல்லியமாகத் தருகிறது. மாஹுவாங் 3 லியாங், சீன இலவங்க மரத்தின் இளங்கொம்பு 2 லியாங், அதிமதுரம் 1 லியாங், ஆப்ரிகாட் பருப்பு 70 என்பன அளவுகள். முதலில் மாஹுவாங்கை மட்டும் நீரில் காய்ச்சி, மேலெழும் நுரையை நீக்கிய பின்னரே ஏனையவை சேர்க்கப்படும். குடித்தவர் போர்த்திக்கொண்டு சிறிதளவே வியர்க்க வேண்டும். இளங்கொம்பை நீக்கி ஜிப்சத்தைச் சேர்த்தால், நுரையீரல் வெப்பத்தைத் தணிக்கும் வேறொரு குடிநீராகிவிடும். 2020இல் கொரோனா நோயாளிகளுக்குச் சீனாவில் வழங்கப்பட்ட சிங்ஃபெய் பைடு குடிநீரிலும் இச்சேர்க்கை இடம்பெற்றது.

அளவுகளைவிட அந்நூலின் விலக்குகளே இங்குக் கருதத்தக்கவை. தொண்டை வறண்டோர், மூக்கில் குருதி வடியும் இயல்பினர், எளிதில் வியர்ப்போர் ஆகியோருக்கு வியர்ப்பூட்டும் மருத்துவம் கூடாதென அது தடுக்கிறது.

1885இல் ஜப்பானியரான நாகாய் நாகயோஷி இச்செடியிலிருந்து எபெட்ரினைப் பிரித்தெடுத்தார். 1924இல் பீக்கிங் யூனியன் மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய சென் கெகுயி, கார்ல் ஷ்மிட் ஆகியோர் அதன் செயலை வெளியிட்டனர். அட்ரினலினை ஒத்திருந்தும் வாய்வழி உட்கொள்ளத்தக்கதாய், நீடித்துச் செயற்படுவதாய் இருந்தமையால் அது ஆஸ்துமா மருந்தாகப் பரவியது. மூச்சுக்குழல் விரிவதன் காரணம் இவ்வாறு விளங்கிற்று; இதயத் துடிப்பும் குருதியழுத்தமும் உயர்வதன் காரணமும் அதுவே.

மூலிகை கடல் கடந்தபோது விலக்குகள் உடன்செல்லவில்லை. அமெரிக்காவில் உடல் மெலிவதற்கும் விளையாட்டுத் திறனுக்குமான துணையுணவாக அது விற்கப்பட்டது. சுவாச நோய் இல்லாதவர்கள், மருத்துவர் கண்காணிப்பின்றி, பெரும்பாலும் காஃபினுடன் அதை உட்கொண்டனர். மாரடைப்பு, பக்கவாதம், உயிரிழப்பு ஆகியன பதிவாயின. 2004இல் எபெட்ரா ஆல்கலாய்டு கொண்ட துணையுணவுகளை அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் தடைசெய்தது. மரபுவழிச் சீன மூலிகை மருத்துவப் பயன்பாட்டுக்கு அவ்விதி பொருந்தாதென்றும் அது தெளிவுபடுத்தியது.