ஜப்பான் தேசத்தில் நிலவரியும் கைத்தொழில் விருத்தியும்

குடிகளிடம் சர்க்கார் எவ்விதம் வரி வாங்குகிறது, வாங்கியதை எவ்விதம் செலவிடுகிறது என்பவற்றால் ஒரு தேசத்தின் பொருள் நிலை பெரிதும் மாறக்கூடும். இதற்கு ஜப்பான் தேசத்தின் சரித்திரம் தக்க உதாரணமாகும்.

1868-ம் வருஷத்திற்கு முன் அத்தேசம் இருநூற்றுக்கு மேற்பட்ட சிற்றரசர்களின் ஆளுகையில் இருந்தது. வரி பெரும்பாலும் அரிசியாகவே வசூலாயிற்று. அவ்வருஷம் மெய்ஜி சக்கரவர்த்தியின் பெயரால் ஏற்பட்ட புதிய சர்க்கார், 1871-ல் சிற்றரசுகளை எடுத்துவிட்டது. 1872-ல் நில விற்பனைக்கு இருந்த தடையை நீக்கி, நிலச் சொந்தக்காரர்களுக்குப் பத்திரங்கள் வழங்கியது.

1873-ல் நிலவரிச் சட்டம் பிறந்தது. நிலத்தின் விளைவை விலைப்படுத்தி, அதில் விதைக்கும் எருவுக்கும் 100-க்கு 15 வீதமும், வரித்தொகையும் கழித்தனர். நின்ற வருமானம், 100-க்கு 6 வட்டியானால் எவ்வளவு முதலுக்குரியதோ, அதுவே சொந்தமாகப் பயிரிடும் நிலத்தின் மதிப்பாயிற்று. உழுபவனின் கூலி கழிக்கப்படவில்லை. அம்மதிப்பில் 100-க்கு 3 வீதம், விளைந்தாலும் சாவியானாலும், ரொக்கமாகச் செலுத்த வேண்டும். உள்ளூர்ச் செலவுக்கான வரி வேறு.

இதனால் சர்க்காருக்கு நிலையான வரும்படி கிடைத்தது. அக்காலத்தில் பொக்கிஷ வரவில் பெரும்பகுதி நிலவரியே. அதைக் கொண்டு ரயில் பாதைகளும், தந்தியும், பாடசாலைகளும், யந்திரசாலைகளும் நடைபெற்றன. 1872-ல் தொமியோகா என்னுமிடத்தில் பிரெஞ்சு யந்திரங்களுடன் ஒரு பட்டுநூல் ஆலை நிறுவப்பட்டது. அங்கே பழகிய பெண்கள் தத்தம் ஜில்லாவிற்குத் திரும்பி மற்றவர்களுக்குக் கற்பித்தனர். தொழில் பரவிய பின், 1893-ல் அவ்வாலை தனிப்பட்ட முதலாளிகளுக்கு விற்கப்பட்டது.

விவசாயமும் கைவிடப்படவில்லை. உப்பு நீரில் விதை நெல்லையிட்டு, மிதக்கும் பதரை நீக்கி, அடியில் தங்கும் கனத்த மணிகளை மட்டும் விதைக்கும் முறையை யோகோய் தொகியோஷி என்பவர் 1882-ல் வகுத்தார். இம்முறை நாடெங்கும் பரவிற்று. 1893-ல் சர்க்கார் விவசாய ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது.

ஆயினும் இவ்விருத்தியின் பாரத்தைச் சுமந்தவர்கள் குடியானவர்களே. 1876-ல் மியே, இபராக்கி ஜில்லாக்களில் கலகங்கள் மூண்டன. 1877-ல் வரி 100-க்கு இரண்டரையாகக் குறைக்கப்பட்டது. 1881-ல் நிதி மந்திரியான மத்ஸுகாதா, மிகுதியாகப் பெருகியிருந்த காகித நாணயத்தைச் சுருக்கினார். நாணயம் உறுதிப்பட்டது, ஆனால் அரிசி, பட்டு இவற்றின் விலை விழுந்தது. வரித்தொகையோ மாறவில்லை. ஆதலால் அதே வரிக்கு முன்னிலும் அதிகமான தானியத்தை விற்க வேண்டியதாயிற்று. கடன் தீர்க்க இயலாத பலர் நிலத்தை இழந்து, பிறர் நிலத்தில் குத்தகைக்காரர் ஆயினர். 1884-ல் சிச்சிபு என்னும் பட்டு விளையும் மலைநாட்டில் எழுந்த கலகம் சேனையால் அடக்கப்பட்டது.

இவ்விதம் வளர்ந்த குத்தகை நிலம் 1940-களில் சாகுபடி நிலத்தில் ஏறக்குறையப் பாதியாயிற்று. யுத்தத்தில் தோற்ற பின், அந்நியப் படையின் ஆதிக்கத்தில், 1946-ல் இயற்றிய சட்டத்தின்படி சர்க்கார் அந்நிலத்தை வாங்கி உழுபவர்க்கே விற்றது. சில வருஷங்களில் குத்தகை நிலம் பத்தில் ஒரு பங்களவாகக் குறைந்தது.

நிலையான வரி சர்க்காருக்கு நன்று. ஆனால் விலை விழும் காலத்தில் அது தளராவிடில் நிலம் கைமாறும். வசூலிப்போரும் செலுத்துவோரும் ஒருங்கே மனத்திற் கொள்ளத்தக்கது இதுவாகும்.