ஒரு நாள் உணவை எவ்வாறு பங்கிடுவது?

விடியற்காலை. அடுப்பில் இடியப்பம் அவிகின்றது. சம்பலுக்குத் தேங்காய் துருவியாகிவிட்டது. ஆனால் வீட்டின் மூத்த மகளுக்கோ உட்கார்ந்து உண்ண நேரமில்லை. ஏழரை மணிக்குப் பாடசாலை தொடங்கிவிடும். அதற்குமுன் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். "எனக்குப் பசியில்லை, அம்மா" என்று கூறி, அரைக் கோப்பைத் தேநீரை நின்றபடியே பருகிவிட்டு ஓடுகிறாள். இரண்டு தேக்கரண்டி சீனி கலந்த அத்தேநீரில் உள்ளவை ஏறத்தாழ 40 கலோரிகள் மாத்திரமே. மாலை வகுப்பும் முடிந்து வீடு திரும்பியபின், இரவு ஒன்பது மணிக்குப் பகலெல்லாம் அடக்கிய பசி அனைத்தையும் சேர்த்து ஒரு தட்டுப் புட்டை உண்டுவிட்டு உறங்கச் செல்கிறாள். மறுநாட் காலையிலும் அவளுக்குப் பசியில்லை!

இது ஏதோ ஓர் இல்லத்தின் கதையன்று. நம்மிற் பலருடைய வீடுகளில் நாள்தோறும் நிகழ்வதுதான். என்ன உண்பது என்பதைப் பற்றி நாம் அதிகம் பேசுகிறோம். எப்பொழுது, எவ்வளவு உண்பது என்பதைப் பற்றி அவ்வளவாகச் சிந்திப்பதில்லை. திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரம் மூலிகைகளைப் பட்டியலிடவில்லை. முன் உண்டது செரித்ததை அறிந்து, பசித்தபின், அளவோடு உண்பதையே பெரிதும் வலியுறுத்துகின்றது. அந்த அறிவுரையை இன்றைய விஞ்ஞானத்தின் துணையோடு சற்று ஆராய்வோம்.

கலோரிக் கணக்கு

உணவு தரும் சக்தியை அளக்கும் அலகே கலோரி. ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலையை ஒரு பாகை செல்சியசு உயர்த்தத் தேவையான வெப்பமே, உணவைக் குறித்து நாம் பேசும் ஒரு கலோரி. ஒரு கிராம் மாப்பொருளும் ஒரு கிராம் புரதமும் தனித்தனியே சுமார் 4 கலோரிகளைத் தருகின்றன. ஒரு கிராம் கொழுப்போ 9 கலோரிகளைத் தருகின்றது. ஆகவேதான் ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய் சேர்ந்தவுடன் ஏறத்தாழ 120 கலோரிகள் சேர்ந்துவிடுகின்றன.

அளவான வேலை செய்யும் பெண்ணொருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 2,000 கலோரிகளும், ஆணொருவருக்குச் சுமார் 2,500 கலோரிகளும் தேவை எனப் பொதுவாகக் கூறலாம். வயது, உடலமைப்பு, உழைப்பு என்பவற்றுக்கேற்ப இது கூடும், குறையும். வளரும் பையன் தன் தந்தையிலும் அதிகமாக உண்பதைக் கண்டு நாம் வியக்க வேண்டியதில்லை.

காலைப் பட்டினி

நாம் உறங்கினாலும் உடல் உறங்குவதில்லை. மூளை உடலின் நிறையில் ஏறத்தாழ நூற்றில் இரண்டு பங்கே. எனினும், ஓய்வுநிலையில் உடல் செலவிடும் சக்தியில் ஐந்திலொரு பங்கு அதற்கே செல்கின்றது. இரவில் இதற்கு வேண்டிய குளுக்கோசைத் தருவது பெரும்பாலும் ஈரலே. உண்ட மாப்பொருளில் ஒரு பகுதியை அது கிளைக்கோசனாகச் சேமித்து வைத்துக்கொள்கின்றது. ஆனால் அந்தச் சேமிப்பு சுமார் 100 கிராம் மாத்திரமே. விடியும்போது அதில் பெரும் பகுதி செலவாகியிருக்கும்.

நாம் மேலே கண்ட மாணவி இரவு ஒன்பது மணிக்கு உண்டவள். பாடசாலை இடைவேளை பத்தரை மணிக்கெனில், இடையிற் கழிந்தவை பதின்மூன்றரை மணித்தியாலங்கள். உடல் கொழுப்பைக் கரைத்தும் வேறு வழிகளாலும் சமாளித்துக்கொள்ளும் என்பது உண்மையே. ஆயினும் தலைச்சுற்றும் சோர்வும் எரிச்சலுமாக இருக்கும் பிள்ளைக்குக் கணிதப் பாடம் எவ்வாறு மனத்திற் பதியும்? காலைப் பிரார்த்தனையின்போது மயங்கி விழும் பிள்ளைகளிடம் ஆசிரியர்கள் முதலிற் கேட்கும் கேள்வி, "காலையில் ஏதாவது சாப்பிட்டாயா?" என்பதன்றோ!

இராப் போசனத்தின் சுமை

நமது உடலுக்குள் ஒரு கடிகாரம் இயங்குகின்றது. அதன் இயக்கத்தை மூலக்கூற்று மட்டத்தில் விளக்கிய அமெரிக்க விஞ்ஞானிகள் மூவருக்கு 2017ஆம் ஆண்டில் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. இக்கடிகாரத்தின்படி, சாதாரணமாகக் காலையில் இன்சுலின் நன்கு வேலை செய்கின்றது; இரவில் அதன் திறன் குறைகின்றது. எனவே காலையில் உண்ணும் அதே அளவு சோற்றை இரவில் உண்டால் இரத்தத்திற் சீனி அதிகமாக உயர்ந்து, தணிவதற்கும் கூடிய நேரம் எடுக்கின்றது. நீரிழிவு மலிந்துள்ள நம் நாட்டில் இதை அலட்சியம் செய்வது நன்றன்று. மேலும், உண்டவுடன் படுப்போரை நெஞ்செரிவு வாட்டும். உணவுக்கும் உறக்கத்துக்குமிடையே இரண்டு மூன்று மணித்தியாலங்களாவது இருத்தல் நலம்.

அப்படியானால், காலையில் அதிகமாக உண்டால் உடல் மெலிந்துவிடுமா? இங்கே நாம் நிதானமாக இருக்க வேண்டும். 2013இல் வெளியான இஸ்ரேலிய ஆய்வொன்றில், நாளுக்கு 1,400 கலோரி உண்ட பெண்களுள் 700 கலோரியைக் காலையில் உண்டவர்கள், அதே 700ஐ இரவில் உண்டவர்களைவிட அதிகமாக எடை குறைந்தனர். ஆனால் 2022இல் ஸ்கொத்லாந்தின் அபடீன் நகர ஆய்வாளர்கள் உணவனைத்தையும் தாமே அளந்து கொடுத்துச் சோதித்தபோது, எடைக்குறைவில் வேறுபாடு காணப்படவில்லை. காலையில் அதிகம் உண்டவர்களுக்குப் பசி குறைவாக இருந்தது என்பதே அவர்கள் கண்ட வேறுபாடு.

இதிலிருந்து நாம் அறிவது யாது? எடையைப் பெரிதும் தீர்மானிப்பது நாள் முழுவதும் உண்ணும் மொத்த அளவே. ஆனால் காலையில் வயிறு நிறைந்தவர் பின்னர் கண்டதையும் உண்ணாமற் காத்துக்கொள்வது எளிது. நாளுக்கு ஆறு முறை சிறிது சிறிதாக உண்டால் உடல் தானாகவே அதிக சக்தியை எரித்துவிடும் என்று கூறுவாருமுளர். மொத்த அளவு ஒன்றேயாயின், வேளைகளைக் கூட்டுவதால் அத்தகைய இலாபம் இல்லை.

ஒரு மாதிரிப் பங்கீடு

2,000 கலோரி தேவைப்படும் ஒருவர் அதனை இவ்வாறு பங்கிடலாம்: காலை 550, பாடசாலை அல்லது அலுவலக இடைவேளை 150, மதியம் 700, மாலை 150, இரவு 450.

இதற்கெனப் புதிய பண்டங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. காலையில் இடியப்பமும் சொதியும் மட்டும் போதா. ஒரு முட்டையோ பருப்புக் கறியோ சேர்ந்தால் புரதமும் கிடைக்கும், பசியும் விரைவில் எழாது. இடைவேளைக்கு ஒரு வாழைப்பழம், அல்லது அவித்த கடலை. மதியம் சோற்றோடு மீன் அல்லது பருப்பு, இரண்டு மரக்கறிகள், தவறாமல் ஒரு கீரை. மாலையில் அவித்த பயறு. 100 கிராம் உலர்ந்த பயற்றில் ஏறத்தாழ 24 கிராம் புரதம் உண்டு. இரவில் குரக்கன் புட்டானாலும் பாணானாலும் அளவோடு, இயன்றவரை எட்டு மணிக்கு முன்.

காலையிற் பசியில்லை என்னும் பிள்ளையை வற்புறுத்துவதாற் பயனில்லை. இரவு உணவைச் சிறிது குறைத்து, சிறிது முன்னே தள்ளுங்கள். சில நாட்களிற் காலைப் பசி தானே வரும். நீரிழிவுக்கு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்கள் மாத்திரம், தம் வைத்தியரைக் கேளாது உணவு நேரத்தை மாற்றலாகாது.

தாயின் தட்டு

இல்லாத உணவைப் பங்கிட முடியாதென்பதையும் நாம் அறிவோம். 2022இல் விலைவாசி தலைக்கு மேல் ஏறியபோது, நம் நாட்டில் எத்தனையோ குடும்பங்கள் மூன்று வேளையை இரண்டாகக் குறைத்தன. பிள்ளைகளுக்காகத் தம் பங்கைக் குறைத்துக்கொண்ட பெற்றோர் பலர். கையில் உள்ளது சிறிதாயினும், அதில் ஒரு பங்கைக் காலைக்கென ஒதுக்குவது அந்நிலையிலும் பயன் தரும். இரவில் மிஞ்சிய சோற்றை நீரூற்றி வைத்துக் காலையிற் பழஞ்சோறாக உண்ட நம் முன்னோர் இதை அறியாதவர்களல்லர்.

ஆனால் வசதியுள்ள வீடுகளிலும் ஒருவர் பட்டினி கிடக்கிறார். அனைவரையும் அனுப்பிவிட்டுப் பத்து மணிக்கு வெறுந்தேநீர், மூன்று மணிக்கு மதிய உணவு, இரவில் எல்லோரும் உண்டபின் சட்டியில் மிஞ்சியது என்று நாளைக் கழிப்பவர் அவர். வீட்டிலுள்ளோர் அனைவருக்கும் பங்கிட்டுத் தரும் தாய் தனக்கென ஒரு வேளையை வகுத்துக்கொள்வதில்லை. அதனைத் தியாகமெனப் போற்றிவிட்டு நாம் கைகழுவிக்கொள்கிறோம்.

நாளை காலை ஒரு சிறு மாற்றம் செய்து பார்ப்போம். பத்து நிமிடம் முன்னதாக எழுந்து, பிள்ளைகளே பாயையோ மேசையையோ ஒழுங்கு செய்யட்டும். தந்தை தேநீரை ஊற்றட்டும். தாயையும் அமரச் செய்து எல்லோரும் சேர்ந்து உண்போம். உணவைச் சரிவரப் பங்கிடும் பழக்கம் அங்கிருந்தே தொடங்கட்டும்.