பழைய பொற்காசுக்கு இரண்டு விலை

இடைக்காலப் பொற்காசு ஒவ்வொன்றுக்கும் இரண்டு விலை உண்டு. உருக்கினால் கிடைக்கும் தங்கத்தின் விலை ஒன்று. அதைக் காசாகவே வைத்துக்கொள்ள விரும்பும் சேகரிப்பாளர் தரும் விலை மற்றொன்று. முதலாவதைத் தராசும் உரைகல்லும் சொல்லிவிடும். எடை, மாற்று, அன்றைய தங்க விலை மூன்றையும் பெருக்கினால் முடிந்தது. இரண்டாவதற்கு அந்தக் காசின் கதை தெரிய வேண்டும்.

வெனிஸ் அரசு 1284இல் அடிக்கத் தொடங்கிய டுகாட் சுமார் 3.5 கிராம் எடை, கிட்டத்தட்ட முழு 24 காரட். 1797இல் அந்தக் குடியரசு வீழும்வரை எடையும் மாற்றும் ஏறக்குறைய மாறவில்லை. மத்தியதரைக் கடல் நாடுகள் தொடங்கி மலபார்க் கரை வரை வணிகர்கள் அதைத் தயங்காமல் வாங்கியது இதனால்தான். ஐந்து நூற்றாண்டுகள் அடித்துக் குவித்த காசு என்பதால், சாதாரண டுகாட்டுக்குத் தங்க விலைக்கு மேல் கிடைக்கும் தொகை மலைக்க வைப்பதில்லை. காசில் மரினோ ஃபாலியேரோவின் பெயர் இருந்தால் மட்டும் நிலைமை வேறு. 1354இல் ஆட்சித் தலைவரான அவர், சதிக் குற்றத்துக்காக மறு ஆண்டே தலை வெட்டப்பட்டார். ஏழு மாத ஆட்சியில் வெளிவந்த காசுகள் எத்தனை இருந்துவிடும்?

மாற்றை எல்லாக் காசிலும் இப்படி நம்ப முடியாது. பைசாந்தியப் பேரரசின் பொற்காசு நூற்றாண்டுகளாகச் சுமார் 4.5 கிராம் தூய தங்கமாக இருந்தது. 11ஆம் நூற்றாண்டில் போர்ச் செலவும் அரண்மனைச் செலவும் நெருக்க, பேரரசர்கள் அடுத்தடுத்து வெள்ளியைக் கலந்தார்கள். 1080களில் அது பெயருக்குத்தான் பொற்காசு. முதலாம் அலெக்சியஸ் 1092இல் சுமார் இருபதரை காரட்டில் புதுக் காசு அடித்த பிறகே நிலைமை சீரானது. மாற்றுக் குறைந்த காசை நகைக்கடை ஒதுக்கும். அந்த வீழ்ச்சியின் சான்றாகத் தேடுகிற சேகரிப்பாளர் ஒதுக்குவதில்லை.

இரு விலைகளும் ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கும் என்பதற்கு இங்கிலாந்தின் மூன்றாம் ஹென்றி நல்ல உதாரணம். அவர் 1257இல் வெளியிட்ட தங்கப் பென்னிக்கு 20 வெள்ளிப் பென்னி என்று மதிப்பு வைத்தார். அதிலிருந்த தங்கமோ அதைவிட அதிகம் பெறும். விளைவு, பெரும்பாலானவை உருக்குக் கலத்துக்குப் போயின. இன்று தெரியவருபவை எட்டு அளவில்தான். டெவன் பகுதி வயலில் 2021இல் கிடைத்த ஒன்று, மறு ஆண்டு ஏலத்தில் கட்டணங்களுடன் 6,48,000 பவுண்டுக்குப் போனது. அதன் எடை மூன்று கிராம்கூட இல்லை. அன்றைய தங்க விலையில் ஏறக்குறைய 125 பவுண்டு.

மூன்றாம் எட்வர்டு 1344இல் செய்தது நேர்மாறான தவறு. ஆறு ஷில்லிங் என்று அவர் அறிவித்த இரட்டைச் சிறுத்தைக் காசில் அந்த அளவுக்குத் தங்கம் இல்லை. வணிகர்கள் வாங்க மறுக்க, சில மாதங்களில் திரும்பப் பெற்று உருக்கிவிட்டார்கள். தப்பிய காசு ஒன்று 2006இல் 4,60,000 பவுண்டுக்கு விலைபோனது. அரசர்கள் கணக்கில் தவறியதன் பலன் தப்பிப் பிழைத்த சில காசுகளுக்கே கிடைக்கிறது.

அரிதாக இருப்பது மட்டும் போதாது. தேடுவோரும் இருக்க வேண்டும், காசின் நிலையும் நன்றாக இருக்க வேண்டும். தாலிக்கொடியிலோ காசுமாலையிலோ கோக்க வளையம் பற்றவைத்த காசு, பிற்பாடு வளையத்தை எடுத்தாலும் தழும்பைக் காட்டிக்கொடுக்கும். விலை அங்கேயே சரியும். பளபளப்பாக்கத் தேய்ப்பதும் அதே கெடுதலைத்தான் செய்யும். பழைய உருவங்களின் மேடு மழுங்கிவிட்டால் மீட்க வழியில்லை. காசு அசலாகவும் இருக்க வேண்டும். போலிகளில் தேர்ந்தவை அசல் தங்கத்திலேயே அடிக்கப்படுபவை. மாற்றுச் சரியாக இருப்பதால் உரைகல் இங்கே உதவாது. எழுத்தின் அமைப்பு, விளிம்பு, எடை ஆகியவற்றை அறியப்பட்ட அசல் காசுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே வழி.

தென்னிந்தியாவின் விஜயநகரப் பொற்காசான வராகன் சுமார் 3.4 கிராம், அதில் பத்தில் ஒரு பங்கான பணம் என்ற காசு அரைக் கிராமுக்கும் குறைவு. இவற்றுக்குத் தங்க விலைக்கு மேல் எவ்வளவு கிடைக்கும் என்பதைத் தீர்மானிப்பது யார் அடித்தது, எந்த உருவம் என்பதே. இந்தியாவில் இவற்றுக்கு ஒரு கட்டுப்பாடும் உண்டு. 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசுகள் தொல்பொருள்கள். தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ஆகவே இங்குள்ள வராகனுக்கு லண்டன் ஏல விலையை அப்படியே பொருத்திப் பார்ப்பது சரிவராது. உள்நாட்டு ஏலங்களில் அதே வகைக் காசு என்ன விலைக்குப் போனது என்பதுதான் கணக்கு.