ட்ரோன் தள்ளும் காற்று

2018-இல் படைப்புழு தமிழ்நாட்டு மக்காச்சோளத்தில் நுழைந்ததிலிருந்து, குருத்துக்குள்ளே மருந்தை இறக்குவதே நமக்குப் பெரும்பாடாக இருக்கிறது. இப்போது ட்ரோன் வந்திருக்கிறது. "மேலே பறக்கிற யந்திரம் குருத்துக்குள்ளே எப்படிங்க மருந்தை இறக்கும்?" என்று சாத்தூர் பக்கம் ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. பதில் ஆகாய விமானத்தின் இறக்கையில் இருக்கிறது.

ஓடுகிற பஸ்ஸில் சின்ன வயதில் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டியிருப்பீர்கள். (இப்போது பிள்ளைகளை நீட்ட விடாதீர்கள்.) உள்ளங்கையின் முன்பக்கத்தைச் சற்றுத் தூக்கினால் கை தானாக மேலே எழும். எதிர்க்காற்றைக் கை கீழே திருப்பிவிடுகிறது. காற்று கையை மேலே தள்ளுகிறது. இறக்கையும் அப்படியே. அதன் மேல்பக்கத்தை ஒட்டி ஓடும் காற்றும் வளைந்து கீழேதான் இறங்குகிறது. அதனால் இறக்கைக்கு மேலே அழுத்தம் குறைவு, கீழே அதிகம். மேலே போகிற காற்றுக்குத் தூரம் அதிகம், அதனால் அது வேகமாக ஓடிக் கீழ்க்காற்றோடு ஒரே நேரத்தில் போய்ச் சேரும் என்று நான் படித்த காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அது தப்பு. மேல்காற்று முந்திக்கொண்டே போய்விடுகிறது.

நம் சிவகாசி ராக்கெட் வயிற்றிலுள்ள கருமருந்தை எரித்து, புகையைக் கீழே தள்ளி மேலே போகிறது. இறக்கை, சுற்றியிருக்கிற காற்றையே பிடித்துத் தள்ளுகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

ட்ரோனில் சுழலும் விசிறி இலை ஒவ்வொன்றும் ஓர் இறக்கை. ஒரு கன மீட்டர் காற்று ஒரு கிலோவுக்குச் சற்று மேலே எடை இருக்கும். மருந்தோடு 25 கிலோ கனக்கும் ட்ரோன் அந்தரத்தில் நிற்க, விநாடிக்குப் பத்துக் கிலோவுக்கு மேல் காற்றைக் கீழே தள்ளுகிறது. அந்தக் காற்றுதான் இலைகளை விலக்கி, மருந்துத் துளியைக் குருத்துக்குக் கொண்டுபோகிறது.

ஆனால் உயரே ஓட்டினால் அந்தக் காற்று பரவி வலுவிழந்துவிடும். ரொம்ப வேகமாக ஓட்டினாலோ, அது பின்னால் சாய்ந்து, ஓரங்களில் சுழன்று, பொடித்துளிகளை மேலேயே தூக்கிவைத்துக்கொள்ளும். அப்புறம் மருந்து அடுத்த புஞ்சைக்குத்தான். அங்கே ஆடு மேயும். ட்ரோனில் ஏக்கருக்குச் சுமார் 10 லிட்டர் தண்ணீர்தான் கலக்கிறோம். கைத்தெளிப்பானைவிடக் கரைசல் பல மடங்கு கெட்டி என்பதை மறக்கக்கூடாது.

ஆகவே பயிரின் தலைக்கு மேலே ஆறேழு அடி உயரத்தில், நிதானமாக, காற்று அடங்கிய காலை வேளையில் ஓட்டச் சொல்லுங்கள். முதல் சால் முடிந்ததும் நாலைந்து குருத்தை விரித்துப் பாருங்கள். உள்ளே ஈரம் படவில்லையென்றால், ஓட்டுகிற தம்பியை நிறுத்தி, ட்ரோனைத் தாழ்த்தி ஓட்டச் சொல்லிவிட்டு மறுபடி பாருங்கள்.