மும்பைத் தமிழர்: தாராவிக் குடியேற்றமும் குடியிருப்பு உரிமையும்

மும்பைத் தமிழர் என்போர், பிழைப்புத் தேடித் தமிழகத்திலிருந்து மும்பைக்குச் சென்று அங்கேயே நிலைத்துவிட்டவர்களும் அவர்களின் வழித்தோன்றல்களும் ஆவர். மாட்டுங்கா, சயான், செம்பூர், தாராவி ஆகியவை இவர்கள் செறிந்து வாழும் பகுதிகள். 2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மகாராட்டிர மாநிலத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சுமார் 5 லட்சம் பேர்.

இவர்கள் நாட்டின் எல்லையைக் கடந்தவர்கள் அல்லர். கடவுச்சீட்டோ நுழைவு அனுமதியோ இவர்களுக்குத் தேவைப்படவில்லை. ஆனாலும் "எத்தனை ஆண்டாக இங்கே குடியிருக்கிறீர்கள், அதற்குச் சான்று என்ன?" என்ற கேள்வியை இவர்கள் தலைமுறை தலைமுறையாக எதிர்கொண்டு வந்துள்ளனர். குறிப்பாகத் தாராவித் தமிழரின் வாழ்க்கையில் இக்கேள்வி இன்றும் முடிவுக்கு வரவில்லை.

இடம்பெயர்வுக்கான காரணங்கள்

தாராவிக்கு முதலில் வந்த தமிழர்களில் பெரும்பாலோர் பழைய திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தவர்கள். அன்றைய திருநெல்வேலி ஜில்லா இன்றைய மாவட்டத்தைவிட மிகப் பெரியது. தூத்துக்குடி, தென்காசி பகுதிகள் அதில் அடங்கியிருந்தன. இராசபாளையம், தேவதானம் ஆகிய ஊர்களை உள்ளடக்கிய திருவில்லிபுத்தூர் தாலுகாவும் 1910 ஆம் ஆண்டில் இராமநாதபுரம் ஜில்லா அமைக்கப்படும் வரை திருநெல்வேலியுடனேயே இருந்தது.

இப்பகுதியில் ஆற்றுப் பாசனம் உள்ள இடங்கள் சிலவே. மற்றவை மழையையும் கண்மாயையும் நம்பிய வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் சொந்த நிலம் இல்லாத கூலிக்காரருக்கு வேலை இல்லை. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் தென்னிந்தியாவில் பல லட்சம் உயிர்களைக் கொண்டு சென்றது. நிலம் இல்லாமையுடன் சாதிக் கொடுமையும் சேர்ந்துகொண்டது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு, ஊரை விட்டு வெளியேறுவது வயிற்றுப்பாட்டுக்கு மட்டுமின்றி மானத்துக்கும் வழியாகத் தெரிந்தது.

அதே காலத்தில் இருப்புப் பாதையும் வந்தது. 1871 இல் சென்னைக்கும் பம்பாய்க்கும் இடையே இரயில் இணைப்பு ஏற்பட்டது. 1876 இல் தென்கோடியில் தூத்துக்குடி வரை இரயில் ஓடத் தொடங்கியது. இலங்கைத் தோட்டங்களுக்கும் பர்மாவுக்கும் கப்பலேறிய மக்களில் ஒரு பிரிவினர் பம்பாய்க்கு இரயிலேறினர்.

தாராவி உருவான விதம்

தாராவி, மாகிம் இரயில் நிலையத்துக்கும் சயான் இரயில் நிலையத்துக்கும் இடையே, மாகிம் கழிமுகத்தை ஒட்டி அமைந்துள்ளது. தொடக்கத்தில் இது கோலி எனப்படும் மீனவர் வாழ்ந்த ஊர். அன்றைய பம்பாய் நகரின் வட எல்லைக்கு அருகில் சதுப்பு நிலமாகக் கிடந்த இப்பகுதிக்கு, நகருக்குள் இடம் மறுக்கப்பட்ட தொழில்களும் மனிதர்களும் வந்து சேர்ந்தனர். குசராத்திலிருந்து வந்த குயவர்கள் கும்பார்வாடாவை அமைத்தனர்.

பாந்திராவில் மாநகராட்சியின் ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சிக் கூடம் இருந்ததால் அருகிலிருந்த தாராவியில் தோல் பதனிடும் தொழில் வளர்ந்தது. அத்தொழிலில் பழகிய தமிழ் முஸ்லிம்கள் தொழிற்கூடங்களை நடத்தினர். ஆதிதிராவிட மக்கள் அவற்றில் தொழிலாளர்களாகச் சேர்ந்தனர். 1887 ஆம் ஆண்டைச் சேர்ந்த பெரிய பள்ளிவாசலும் 1913 ஆம் ஆண்டைச் சேர்ந்த விநாயகர் கோயிலும் தாராவியின் பழைய வழிபாட்டிடங்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவர்கள் வந்தபோது குடியிருக்கத் தகுந்த நிலம் இங்கே பெரிதாக இல்லை. குப்பையையும் மண்ணையும் கொட்டிச் சதுப்பை மேடாக்கி, அதன்மேல் குடிசை போட்டு, குடிசையை ஓட்டு வீடாகவும் பின்னர் மாடி வீடாகவும் மாற்றியவர்கள் குடியிருப்போரே. நகரம் வடக்கே விரிந்ததும் ஓரத்தில் இருந்த தாராவி நகரின் நடுப்பகுதியாகிவிட்டது. ஒருவரும் விரும்பாத சதுப்பு, விலைமதிப்புள்ள நிலமாக மாறியது.

தொழில்கள்

1970களில் இறைச்சிக் கூடம் தேவ்னாருக்கு மாற்றப்பட்டது. பின்னர் தோல் பதனிடும் கூடங்களும் படிப்படியாகத் தாராவியை விட்டு நீங்கின. ஆயினும் பை, இடைவார், பணப்பை ஆகியவற்றைத் தைக்கும் பட்டறைகளும் கடைகளும் இன்றும் உள்ளன.

உணவுத் தொழில் தமிழரின் தனி அடையாளம். விடியுமுன்பே வீடுகளில் இட்லி அவித்து, சட்னி சாம்பாருடன் பாத்திரங்களில் நிரப்பி, மிதிவண்டியில் கட்டிக்கொண்டு நகரெங்கும் விற்கச் செல்வோர் பலர். இரப்பர் ஊதுகுழலின் ஒலியைக் கேட்டதும் தெருக்காரர்கள் 'இட்லிக்காரர்' வந்துவிட்டதை அறிவர். கடலை மிட்டாய், முறுக்கு செய்வோரும் உண்டு. இத்தொழில்களில் மாவரைத்தல், அவித்தல், பொட்டலம் கட்டுதல் ஆகிய வேலைகளைப் பெரும்பாலும் வீட்டுப் பெண்களே செய்கின்றனர். வீடே தொழிற்கூடமாக இருப்பதால், இவர்கள் வீட்டை இழந்தால் தொழிலையும் இழப்பார்கள்.

மாட்டுங்கா, செம்பூர் தமிழரின் நிலை வேறு. தஞ்சாவூர், பாலக்காடு பகுதிகளிலிருந்து ஆங்கிலக் கல்வியுடன் வந்தவர்கள் எழுத்தர், சுருக்கெழுத்தர், கணக்கர் வேலைகளில் அமர்ந்தனர். 1932 இல் தொடங்கப்பட்ட தென்னிந்தியக் கல்விக் கழகம் இவர்களின் முயற்சியில் வளர்ந்தது. ஒரே நகரில், ஒரே மொழி பேசினாலும், இவ்விரு தமிழகங்களுக்கும் இடையே தொடர்பு குறைவாகவே இருந்தது. சாதியும் வர்க்கமும் இரயிலில் கூடவே வந்திருந்தன.

உறவும் ஊரும்

முதலில் ஒருவர் வருவார். வேலை கிடைத்ததும் தம்பியையோ மைத்துனரையோ அழைத்துக்கொள்வார். பிறகு ஊர்க்காரர் நாலைந்து பேர் வருவர். தனி ஆண்கள் மாதப் பணம் கொடுத்து உண்ணவும் உறங்கவும் இடம் பெற்ற வீடுகளுக்குப் 'பொங்கல் வீடு' என்று பெயர். புதிதாக வந்தவருக்கு வேலை பற்றிய செய்தி, கைமாற்றுக் கடன், நோயில் துணை எல்லாம் இந்த வலையிலிருந்தே கிடைத்தன. ஊரில் மழை இல்லாத ஆண்டுகளில் பம்பாயிலிருந்து வந்த மணியார்டரே பல வீடுகளின் அடுப்பை எரியவைத்தது.

பொங்கல் நாளில் தாராவியின் தெருக்களில் பெண்கள் வரிசையாகப் பானை வைத்துப் பொங்கலிடுவது ஆண்டுதோறும் நடைபெறுகிறது. காமராசர் பெயரில் பள்ளியும் இங்கே உள்ளது.

எதிர்ப்பும் அரசியலும்

1960 மே 1 அன்று மகாராட்டிர மாநிலம் உருவானது. 1966 இல் பால் தாக்கரே சிவசேனையைத் தொடங்கினார். மண்ணின் மைந்தருக்கு உரிய வேலைகளைத் தென்னிந்தியர் பறித்துக்கொள்கின்றனர் என்பது அதன் முதல் முழக்கம். வேட்டியை இழிவுபடுத்தும் கோசங்கள் எழுந்தன. உடுப்பி உணவகங்கள் தாக்கப்பட்டன. அலுவலக வேலைக்கான போட்டியில் பிறந்த கோபம், அந்த வேலைகளோடு தொடர்பே இல்லாத கூலித் தொழிலாளரையும் 'மதராசி' என்ற ஒரே சொல்லுக்குள் அடைத்தது.

இக்காலத்தில் செல்வாக்குப் பெற்றவர் வரதராச முதலியார். இரயில் நிலையச் சுமைதூக்குபவராகத் தொடங்கி, கள்ளச்சாராயம், கடத்தல் ஆகியவற்றின் வழியே வளர்ந்தவர். மாட்டுங்கா இரயில் நிலையத்தருகே அவர் நடத்திய விநாயகர் சதுர்த்தி விழா பெயர் பெற்றது. 1987 இல் வெளிவந்த 'நாயகன்' திரைப்படம் அவர் வாழ்க்கையைத் தழுவியது. திரைப்படத்தின் புகழால் தாராவித் தமிழர் என்றாலே தாதா என்ற எண்ணம் பலரிடம் படிந்துவிட்டது. நாள் முழுதும் உழைத்து வாழ்ந்த பல்லாயிரம் குடும்பங்களின் கதை அதில் மறைந்துபோயிற்று. 2018 இல் வந்த 'காலா', தாராவியின் நில உரிமையையே கதையாக்கியது.

இன்று தமிழர் அரசியலில் வெளிப்படையாகப் பங்கேற்கின்றனர். சயான் கோலிவாடா சட்டமன்றத் தொகுதியில் 2014 முதல் தொடர்ந்து வெற்றி பெற்றுவரும் கேப்டன் தமிழ்ச்செல்வன் தமிழகத்தில் பிறந்தவர்.

மொழியும் கல்வியும்

மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகளை நடத்துகிறது. அவற்றுள் தமிழும் ஒன்று. ஆனால் தொடக்க வகுப்புகளைத் தமிழில் படித்த குழந்தை, மேல் வகுப்புக்குச் செல்லும்போது பெரும்பாலும் வேறு பயிற்று மொழிக்கு மாற நேரிடுகிறது. ஆகவே பல பெற்றோர் முதலிலிருந்தே ஆங்கிலப் பள்ளியை நாடுகின்றனர். வீட்டில் திருநெல்வேலித் தமிழ், தெருவில் மும்பை இந்தி, பள்ளியில் ஆங்கிலமும் மராத்தியும் என வளரும் மூன்றாம் தலைமுறையில், தமிழ் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாதவர்கள் பலர்.

நியூயார்க்கின் டொமினிக்கர்: ஓர் ஒப்பீடு

உலகின் பிற பெருநகரங்களிலும் இதுபோன்ற வரலாறுகள் உண்டு. கரீபியன் கடலிலுள்ள டொமினிக்கன் குடியரசில் 1930 முதல் ஆட்சி செலுத்திய சர்வாதிகாரி துருகில்லோ 1961 இல் கொல்லப்பட்டார். அதுவரை கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்த வெளியேற்றம் பிறகு பெருகியது. நியூயார்க் நகரின் வட மன்ஹாட்டனில் உள்ள வாசிங்டன் ஹைட்ஸ் அவர்களின் முதன்மைக் குடியிருப்பாயிற்று. 'போதேகா' எனப்படும் சிறு மளிகைக் கடைகள், ஊருக்கு அனுப்பும் பணம், வீட்டில் ஸ்பானிய மொழி, ஒருவர் பின் ஒருவராக உறவினரை அழைத்தல் ஆகியவை தாராவியை நினைவூட்டுகின்றன. 1991 இல் நகர மன்றத்துக்கும் 2016 இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கும் டொமினிக்கன் குடியரசில் பிறந்தவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர்.

வேறுபாடும் உண்டு. டொமினிக்கர் தங்குவதற்கே அனுமதி பெற வேண்டியிருந்தது. தமிழருக்கு அத்தகைய அனுமதி தேவைப்படவில்லை, ஆனால் வீட்டுக்குப் பட்டா இல்லை. வாடகை உயர்வு வாசிங்டன் ஹைட்ஸ் மக்களை வெளியே தள்ளுவது போல, மறுசீரமைப்பு தங்களை வெளியே தள்ளுமோ என்பது தாராவி மக்களின் அச்சம்.

குடியிருப்பு உரிமை

1981 சூலையில் மும்பையின் நடைபாதைக் குடிசைகளை அகற்ற அரசு முனைந்தது. வெளியூர்க்காரர்கள் பேருந்துகளில் ஏற்றிச் சொந்த ஊர்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களில் ஒருவர், வறட்சியால் 1961 இல் சேலம் மாவட்டத்திலிருந்து வந்த நிலமற்ற கூலித் தொழிலாளி. குடிசை இடிக்கப்பட்டு, குடும்பத்துடன் சேலத்துக்கு அனுப்பப்பட்ட அவர், மனைவி மக்களை அங்கே விட்டுவிட்டு வேலைக்காக மீண்டும் மும்பைக்கே வந்தார். ஊரில் வேலை இருந்திருந்தால் அவர் திரும்பியிருக்க வேண்டியதில்லை.

இவரும் மனுதாரராக இருந்த ஒல்கா டெல்லிஸ் வழக்கில், வாழும் உரிமை என்பதில் வாழ்வாதார உரிமையும் அடங்கும் என்று 1985 சூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் நடைபாதையில் தங்கும் உரிமையை நீதிமன்றம் ஏற்கவில்லை. முன்னறிவிப்பு இன்றி அகற்றக் கூடாது என்பதும், 1976 கணக்கெடுப்பில் அடையாள அட்டை பெற்றவர்களுக்கு மாற்றிடம் தர வேண்டும் என்பதும் அத்தீர்ப்பின் பகுதிகள். அன்று முதல் குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல், மின் கட்டண இரசீது போன்ற தாள்கள் குடிசைவாசிகளுக்கு நகையைவிட மதிப்புடையவை ஆயின.

தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்கு 2004 இல் மாநில அரசு ஒப்புதல் அளித்தது. பல ஆண்டுத் தாமதத்துக்குப் பின், 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய் ஏலத்தொகையுடன் அதானி குழுமம் இத்திட்டத்தைப் பெற்றது. 2000 சனவரி 1 க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதை மெய்ப்பிப்போருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசமாகக் கிடைக்கும். அதற்குப் பின் வந்தவர்களுக்கும் மாடிகளில் குடியிருப்பவர்களுக்கும் தாராவிக்கு வெளியே, பணம் செலுத்திப் பெறும் வீடுகளே திட்டத்தில் உள்ளன.

நான்கு தலைமுறையாகத் தாராவியில் வாழும் குடும்பத்திலும், தந்தை தரைத்தளத்திலும் மகன் மாடியிலும் குடியிருந்தால் இருவரின் உரிமையும் வேறாகிவிடுகிறது. இட்லி விற்பவருக்குத் தாராவியின் மதிப்பு அறையின் அளவில் இல்லை. விடியற்காலையில் மிதிவண்டியில் புறப்பட்டால் அரைமணி நேரத்தில் வாடிக்கையாளரை அடையும் தொலைவில்தான் இருக்கிறது. எனவேதான் மறுசீரமைப்பு பற்றிய பேச்சில், வீடு கிடைக்குமா என்பதோடு அது எங்கே கிடைக்கும் என்பதும் தாராவித் தமிழருக்கு முதன்மையான கேள்வியாக உள்ளது.